கூம்புக்கு விழுந்த பூட்டு!

ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூம்பு. நடுவில் வெள்ளைப் பட்டை. ரோட்டில் பள்ளம் தோண்டும்போது, "இந்தப் பக்கம் வராதே" என்று எச்சரிக்க வைப்பார்களே, அதே கூம்புதான்!

மதுரை நகரிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஊர்களிலும் கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் இந்தக் கூம்பைப் பலர் பார்த்திருப்பார்கள். அதை இரண்டு முறை தட்டினால் படம் ஓடும், பாட்டு கேட்கும். இன்டர்நெட் வழியாக வரும் டெலிவிஷனும் தெரியும். அதற்குப் பெயர் "வி.எல்.சி."

விலை? ஒரு காசு கூட இல்லை.

இந்தக் கூம்புக்கு 2022-ம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. பிப்ரவரி 13-ந் தேதி முதல், இதை வழங்கும் இன்டர்நெட் தளம் இந்தியாவில் திறக்கவில்லை. தட்டியவர்களுக்கு, "சர்க்கார் உத்தரவுப்படி தடுக்கப்பட்டது" என்ற அறிவிப்புத்தான் கிடைத்தது.

ஏன் தடுத்தார்கள்? யாரும் காரணம் சொல்லவில்லை. ஒன்பது மாதம் பூட்டு தொங்கியது. பிறகு ஒரு நாள் திறந்தது.

கதை அதோடு முடிந்துவிட்டதா? முடியவில்லை. காசில்லாமல் கிடைக்கும் ஒரு பொருள் யாருடையது? அதைப் பூட்டினால் யாருக்கு நஷ்டம்? வீட்டில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

விடுதியில் பிறந்த பிள்ளை

பிரான்சு நாட்டுத் தலைநகர் பாரிஸ். அதன் அருகில் "எகோல் சென்ட்ரல்" என்ற புகழ்பெற்ற பொறியியல் கல்லூரி. 1996-ம் ஆண்டு அங்கே படித்த மாணவர்களுக்கு ஒரு குறை. விடுதியில் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்த கம்பி வலை மிகவும் மந்தம். அவர்கள் விளையாட்டுப் பிரியர்கள். ஒருவரோடு ஒருவர் கம்ப்யூட்டரில் மோதி விளையாட வேகம் போதவில்லை.

புதிய வலை வேண்டும் என்றால் பணம் வேண்டும். "விளையாடப் பணம் கொடுங்கள்" என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்?

அப்போது ஒரு யோசனை பிறந்தது. விடுதியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு டெலிவிஷன் தட்டு, ஒரு பெட்டி என்று வைத்தால் செலவு ஏராளம். கட்டிடத்துக்கு ஒரே ஒரு பெரிய தட்டு வைத்து, அதில் வரும் டெலிவிஷன் படத்தை கம்ப்யூட்டர் வலை வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பினால் என்ன?

யோசனை பலித்தது. வேகமான வலையும் வந்தது. கம்ப்யூட்டரில் டெலிவிஷனும் வந்தது. படத்தை அனுப்ப ஒரு மென்பொருள். வாங்கிக் காட்ட இன்னொரு மென்பொருள். இரண்டையும் மாணவர்களே எழுதினார்கள். வாங்கிக் காட்டும் மென்பொருள்தான் பிற்காலத்தில் வி.எல்.சி. ஆயிற்று.

கூம்பு எப்படி வந்தது? அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் வலை சங்கத்து மாணவர்களுக்கு ரோட்டுக் கூம்புகளைச் சேர்க்கும் ஒரு விளையாட்டுப் பழக்கம் இருந்தது. அதையே சின்னமாக வைத்துவிட்டார்கள்!

2001-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி ஒரு முக்கியமான நாள். அன்று கல்லூரி நிர்வாகம் சம்மதித்து, அந்த மென்பொருளை உலகம் முழுவதுக்கும் பொதுவாக்கியது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் பிறருக்குக் கொடுக்கலாம். பல நாட்டுத் தொண்டர்கள் வேலையில் சேர்ந்தார்கள். இன்று அதை லாப நோக்கம் இல்லாத ஒரு சங்கம் நடத்துகிறது. தலைவர், ழான் பாப்டிஸ்ட் கெம்ப் என்பவர். விளம்பரம் போட்டால் கோடிக்கணக்கில் பணம் தருவதாக வந்தவர்களை, "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

2025-ம் ஆண்டு ஜனவரியில், இந்தக் கூம்பு 600 கோடி தடவை இறக்கப்பட்டுவிட்டதாக அந்தச் சங்கம் அறிவித்தது.

பூக்கூடையும் கண்மாயும்

இன்டர்நெட்டில் டெலிவிஷன் எப்படி வருகிறது?

மதுரை மல்லிகையை நினைத்துக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் குவியும் மல்லிகை, ஒரே மூட்டையாக வெளியூர் போவதில்லை. சிறு சிறு பெட்டிகளாகக் கட்டி அனுப்புகிறார்கள். டெலிவிஷன் படமும் அப்படித்தான். முதலில் அதை அமுக்கிச் சுருக்குகிறார்கள். பிறகு துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் போட்டு அனுப்புகிறார்கள். துண்டுகள் முன்னும் பின்னுமாக வந்து சேரலாம். வாங்கும் கம்ப்யூட்டர் அவற்றை எண்படி அடுக்கி, சுருக்கத்தை விரித்து, படமாகக் காட்டுகிறது.

துண்டுகள் ஒரே சீராக வராதே! அப்படியானால் படம் தடங்காதா?

இதற்குக் கண்மாய் பதில் சொல்லும். வைகையில் தண்ணீர் எப்போதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. வரும்போது கண்மாயில் தேக்குகிறார்கள். மடையைத் திறந்து வயலுக்குச் சீராக விடுகிறார்கள். கம்ப்யூட்டரும் வரும் துண்டுகளில் கொஞ்சத்தை முன்கூட்டியே தேக்கிக்கொள்கிறது. அங்கிருந்து திரைக்குச் சீராக விடுகிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், கண்மாய் வற்றிவிட்டது என்று அர்த்தம்!

படத்தைச் சுருக்குவதற்குப் பல முறைகள் உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறை. முன்பெல்லாம் ஒரு படம் ஓடவில்லை என்றால், அதற்கு வேண்டிய துணை மென்பொருளைத் தேடி அலைய வேண்டும். கூம்பு அந்தத் தொல்லையை ஒழித்தது. அநேகமாக எல்லா முறைகளையும் விரிக்கும் சக்தியை அது தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. ஏழைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்டர்நெட் டெலிவிஷனுக்கும் அதில் வழி உண்டு. ஒளிபரப்பின் முகவரியை அதற்குரிய கட்டத்தில் எழுதினால், ஒளிபரப்பு திரையில் வரும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கூம்பு டெலிவிஷன் நிலையம் அல்ல. அது பாத்திரம். பாலை வேறு இடத்தில்தான் வாங்க வேண்டும். பாத்திரம் இலவசம் என்றாலும், பாலைச் சுமந்து வரும் இன்டர்நெட்டுக்குக் காசு உண்டு. சுமாரான தெளிவில் ஒரு மணி நேரம் பார்த்தாலே அரை ஜி.பி.யும் அதற்கு மேலும் கரைந்துவிடும்.

இன்டர்நெட் பக்கங்களைப் பார்க்க உதவும் "குரோம்", "பயர்பாக்ஸ்" போன்ற மென்பொருள்களுக்குள்ளும் இந்தத் தொண்டர்களின் கைவேலை இருக்கிறது. புதிய முறையில் சுருக்கிய படங்களை விரிக்க அவர்கள் எழுதிய "டேவிட்" என்ற பகுதியை அவை பயன்படுத்துகின்றன. ஆகவே, கூம்பையே பார்க்காதவர்கள் கூட அதன் உழைப்பை அனுபவிக்கிறார்கள்.

கூரை ஏரியலிலிருந்து லேப்டாப் வரை

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. பிறகு கொடைக்கானல் மலைமேல் உள்ள கோபுரம், மதுரைச் சமவெளி முழுவதற்கும் படத்தை அனுப்பியது. கூரைமேல் ஏரியலைத் திருப்பி, "தெரிகிறதா? தெரிகிறதா?" என்று கூவிய காலம் அது. தெருவுக்கு ஒரு பெட்டி. அதன் முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும்.

2006-ம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவச வண்ண டெலிவிஷன் பெட்டிகளைக் கொடுத்தது. 2011-ம் ஆண்டு, மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. அதே ஆண்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. உழவர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். 2016-ம் ஆண்டுக்குப் பிறகு செல்போனில் இன்டர்நெட் விலை சரிந்தது. டெலிவிஷன் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த சுவர் இடிந்தது.

இதன் அருமை 2020-ம் ஆண்டு தெரிந்தது. கொரோனா நோய் காரணமாக ஊரடங்கு. சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் மே 4-ந் தேதி கோவிலுக்குள் சில சிவாச்சாரியார்கள் நடத்தினார்கள். பக்தர்களுக்கு அனுமதி இல்லை. லட்சக்கணக்கான மக்கள் கூடும் மாசி வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆனால் கோவிலின் இன்டர்நெட் தளம் வழியாகத் திருக்கல்யாணம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. பெண்கள் வீட்டில் இருந்தபடியே திருமாங்கல்யக் கயிறு மாற்றிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடந்தன. கல்வி டெலிவிஷனில் பாடம் நடந்தது. ஜூலை மாதம், பிளஸ்-2 மாணவர்களின் லேப்டாப்புகளில் பாடப் படங்களை ஏற்றிக் கொடுக்கும் வேலை தொடங்கியது. இன்டர்நெட் இல்லாத கிராமத்துப் பிள்ளையும் வீட்டில் பாடம் பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

படத்தை ஏற்றினால் போதுமா? அதை ஓட்டிக் காட்ட ஒரு மென்பொருள் வேண்டும். அது காசு கேட்காமல், விளம்பரம் காட்டாமல், சிறிய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓட வேண்டும். கூம்பு போன்ற பொதுப்பொருளின் தேவை இங்கேதான் இருக்கிறது.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

கடையில் துணி வாங்கினால் பை இலவசம். அது வியாபாரம். அடுத்த தடவை பைக்கு விலை வைத்தால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்டர்நெட் டெலிவிஷனிலும் இப்படி நடந்தது. ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்களை 2023, 2024-ம் ஆண்டுகளில் "ஜியோ சினிமா" இலவசமாகக் காட்டியது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2025-ம் ஆண்டு அது "ஜியோ ஹாட்ஸ்டார்" ஆனது. முழு ஆட்டத்தையும் பார்க்கச் சந்தா கேட்டார்கள். இதில் தவறு இல்லை. பொருள் அவர்களுடையது, விலையும் அவர்களுடையது.

கூம்பின் கதை வேறு. அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், 1983-ம் ஆண்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். மென்பொருள் மனிதனைக் கட்டிப் போடக் கூடாது என்றார். அவர் கேட்ட சுதந்திரங்கள் நான்கு:

ஒன்று: எந்தக் காரியத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டு: அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்க்கலாம், தேவைக்குத் தக்கபடி திருத்தலாம்.

மூன்று: அதைப் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்.

நான்கு: திருத்தியதையும் பிறருக்குக் கொடுக்கலாம்.

இதைத் தமிழில் "கட்டற்ற மென்பொருள்" என்கிறார்கள். சமையல் குறிப்போடு சேர்த்துப் பண்டத்தைக் கொடுப்பது போன்றது இது. குறிப்பு கையில் இருக்கிறது. நாளைக்குக் கடைக்காரர் கடையைக் கட்டினாலும் வீட்டில் செய்துகொள்ளலாம். உப்பைக் குறைக்கலாம், காரத்தைக் கூட்டலாம். கூம்பின் மொழிப் பட்டியலில் தமிழும் இருப்பது, இப்படிப்பட்ட தொண்டர்களின் வேலையால்தான்.

எனவே, "இனிமேல் சந்தா கட்டு" என்று கூம்பு கேட்கும் நாள் வராது. அப்படி யாராவது கேட்டாலும், பழைய குறிப்பை வைத்துக்கொண்டு மற்றவர்கள் புதிதாகச் செய்துகொள்வார்கள்.

பூட்டு விழுந்தது எப்படி?

இவ்வளவு நல்ல பொருளை ஏன் தடுத்தார்கள்?

2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக இன்டர்நெட்டில் உள்ளதைத் தடுக்க மத்திய சர்க்காருக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. அதிகாரம் தேவைதான். எதிரிகளும் மோசடிக்காரர்களும் இன்டர்நெட்டில் நிறைந்திருக்கிறார்கள்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், "சைமான்டெக்" என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனாவோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் "சிக்காடா" என்ற கும்பல், கூம்பைப் பயன்படுத்தி மற்றவர்களின் கம்ப்யூட்டர்களில் விஷ மென்பொருளை நுழைக்கிறது என்பது அறிக்கை. தடைக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று பலர் எண்ணினார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தடை வந்தது பிப்ரவரியில். அறிக்கை வந்தது ஏப்ரலில்.

இரண்டாவது, அந்தக் கும்பல் ஏற்கனவே புகுந்த கம்ப்யூட்டர்களில், நல்ல கூம்போடு விஷத்தைச் சேர்த்து வைத்தது. பால்காரர் கொண்டுவந்த பாலில் குற்றம் இல்லை. வீட்டுக்குள் புகுந்த திருடன் விஷம் கலந்தான். அதற்காகப் பால் பண்ணையை மூடலாமா?

மூடியதால் நேர்ந்தது என்ன? செல்போனுக்கான கூம்பு அதன் கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வழங்கும் சொந்தத் தளத்துக்குத்தான் தடை. தேவைப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? முன்வாசல் மூடினால் கொல்லைப்புறம் போவார்கள். யார் யாரோ நடத்தும் தளங்களில் இறக்குவார்கள். அங்கே கூம்பு போலவே வேஷம் போட்ட விஷம் இருக்கலாம். பழைய கூம்பு வைத்திருப்பவர்களுக்கும் ஆபத்து. ஓட்டைகளை அடைக்கும் புதிய பதிப்புகள் வருவது அந்த முன்வாசல் வழியாகத்தானே! பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு என்றால், அது பாதுகாப்பையே குறைத்தது.

திறந்தது எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சர்க்காரிடம் காரணம் கேட்கப்பட்டது. தங்களிடம் அதுபற்றித் தகவல் இல்லை என்ற பதில்தான் வந்தது!

2022-ம் ஆண்டு அக்டோபரில், டெல்லியில் உள்ள "இன்டர்நெட் பிரீடம் பவுண்டேஷன்" என்ற அமைப்பின் உதவியோடு, கூம்புச் சங்கத்தார் மத்திய சர்க்கார் இலாகாக்களுக்கு வக்கீல் நோட்டீசு அனுப்பினார்கள். "எங்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. எங்கள் தரப்பைக் கேட்கவில்லை. உத்தரவின் நகலைக் கொடுங்கள்" என்பது அதன் சாரம்.

இந்தக் கோரிக்கைக்குச் சட்டத்தில் பலம் இருந்தது. 2015-ம் ஆண்டு மார்ச்சு 24-ந் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. 69-ஏ பிரிவு செல்லும் என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது. அதற்கு ஆதாரமாக, அந்தப் பிரிவில் உள்ள காவல்களை அது எடுத்துக்காட்டியது. தடைக்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். சம்பந்தப்பட்டவர் இன்னார் என்று தெரிந்தால், அவர் தரப்பையும் கேட்க வேண்டும்.

பாரிசில் உள்ள சங்கம் ஒளிந்து வாழும் சங்கம் அல்ல. தலைவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். 2018-ம் ஆண்டு பிரெஞ்சு சர்க்கார் அவருக்குத் தேசிய விருது கொடுத்துக் கவுரவித்திருக்கிறது.

நோட்டீசு போன ஆறு வாரத்துக்குள், நவம்பர் 14-ந் தேதி, தடை நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாதப் பூட்டு, ஒரு காகிதத்தில் திறந்துகொண்டது!

திருட்டுப் பால் வேண்டாம்

கூம்பின் பெயரைச் சொல்லி மோசம் செய்பவர்களும் உண்டு. "இந்தப் பட்டியலை இறக்கினால் ஆயிரம் சேனல் இலவசம், புதுப்படம் இலவசம்" என்று ஆசை காட்டுவார்கள்.

மென்பொருள் பொதுச் சொத்து போன்றது. ஆனால் அதில் ஓடும் படம் அடுத்தவர் சொத்து. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஒளிபரப்பியவருக்கு அந்த ஒளிபரப்பின்மேல் 25 ஆண்டு உரிமை உண்டு. சினிமாத் திருட்டுக்கு 2023-ம் ஆண்டு சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். குறைந்தது 3 மாதச் சிறை. 3 லட்சம் ரூபாய் அபராதம்.

நேர்மையான வழியிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பொதிகை என்று அழைக்கப்பட்டு, 2024-ம் ஆண்டு "டி.டி. தமிழ்" என்று பெயர் மாறிய அரசு சேனல் இருக்கிறது. பிரசார் பாரதி 2024-ம் ஆண்டு நவம்பரில் "வேவ்ஸ்" என்ற இன்டர்நெட் டெலிவிஷன் சேவையைத் தொடங்கியது. பல செய்திச் சேனல்கள் தங்கள் ஒளிபரப்பைத் தாங்களே இன்டர்நெட்டில் இலவசமாக விடுகின்றன.

கூம்பை இறக்குபவர்கள் மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். சங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்க வேண்டும். பணமோ, பாங்கிக் கணக்கு எண்ணோ கேட்டால் அது போலி. புதிய பதிப்பு வந்தால் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மிச்சம் உள்ள கேள்வி

கூம்பு தப்பியது. ஏன்? உலகப் புகழ் பெற்ற பொருள். கேள்வி கேட்கப் பத்திரிகைகள் இருந்தன. நோட்டீசு அனுப்ப வக்கீல்கள் இருந்தார்கள்.

மதுரையில் ஒரு கல்லூரி மாணவி நல்ல மென்பொருள் ஒன்றை எழுதி, ஊருக்குப் பொதுவாக வைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு இப்படி ஒரு பூட்டு விழுந்தால்? டெல்லிக்கு யார் போவது? எந்தக் கதவைத் தட்டுவது?

ஊர்க் கண்மாயின் மடையை அடைக்க வேண்டிய நேரமும் வரும். கரை உடையும் ஆபத்து இருந்தால் அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அடைப்பதற்கு முன் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். ஏன் அடைக்கிறோம், எத்தனை நாளைக்கு என்று சொல்வார்கள். பயிர் வைத்தவனுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

இன்டர்நெட்டில் உள்ள பொதுச் சொத்துக்கும் அந்த ஊர் வழக்கம் போதும். தடுப்பதானால் காரணத்தைச் சொல்லட்டும். தவறு என்று தெரிந்தால் ஒன்பது மாதம் காத்திராமல் ஒன்பது நாளில் திறக்கட்டும். லேப்டாப்பைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிள்ளைகளுக்கு, அதில் ஓடும் கருவி ஏன் நின்றது என்று கேட்க உரிமை இல்லையா?